ஹாக்கி புக்குன்னு சொன்னது என் தப்புதான்

அமெரிக்காவுல இருக்கற எங்க மினியாபோலிஸ்ல ஜனவரில மனுஷன் வெளிய தலை காட்ட முடியாது, தலை காட்ட முடியலன்னா புக்கு தான் கதி, இது என் தரப்பு நியாயம். ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தி குடுத்த காலேஜ் ஐஸ் ஹாக்கி லவ் ஸ்டோரில ஆரம்பிச்சு இப்ப 11வது புக்கு ஓடிட்டு இருக்கு. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். அவன் டீம் கேப்டன், ஆறடிக்கு மேல, காலேஜே அவன் பின்னாடி. அவ லைப்ரரிய விட்டு நகராத பொண்ணு, ஹாக்கின்னா கிலோ என்ன வெலைன்னு கேப்பா. பாத்த மொத நிமிஷமே ரெண்டு பேருக்கும் ஆகாது.

இதுல எனக்குப் புடிச்சது சிக்ஸ் பேக் இல்ல (சரி சரி, அதுவும்தான்). இங்க காலேஜ் டீம்ல ஆடறவன் படிப்புல ஒரு அளவுக்குக் கீழ போனா மேட்ச்ல எறக்க மாட்டாங்க, நெஜமாவே ரூல் இருக்கு. அதனால கேப்டன் ஃபெயிலாகப் போறான், டியூஷன் எடுக்க ஊர்ல வேற ஆளே இல்லாத மாதிரி அந்த லைப்ரரிக்காரிதான் கெடைப்பா. ரோட்டுல பாத்தா மூஞ்சத் திருப்பிக்கற ரெண்டு பேர ஒரே டேபிள்ல உக்கார வெக்கறது அந்த ரூல்தான், நம்ம ஊர்ல தரகர் பாக்கற வேலைய இங்க ஜிபிஏங்கற மார்க் சராசரி பாக்குது! ஊரே கைதட்டற அவன் எழுதின கட்டுரைய வாங்கிப் படிச்சுட்டு "இதெல்லாம் ஒரு பதிலா"ன்னு அவ சிவப்பு பேனாவ எடுப்பா பாருங்க, அங்க விழுந்தவதான் நான். பதிலுக்கு அவன் ஸ்கேட்டிங் சொல்லித் தருவான், அவ விழுவா, அவன் புடிப்பான். யார் எழுதினாலும் விழாம இருந்ததே இல்ல, நானும் 11 தடவையும் பல்லக் காட்டிட்டுதான் படிக்கறேன்.

பிரச்சன அட்டைல வந்துச்சு. உள்ள என்னா சூடா இருந்தாலும் வெளிய ரெண்டு கார்ட்டூன் பொம்மை ஸ்கேட் மாட்டிட்டு சிரிக்கும், பாத்தா பாப்பா புக்கு மாதிரியே இருக்கும். என் 8 வயசு மக அத எடுத்து ஸ்கூல் பேக்ல வெச்சுட்டா, ரீடிங் லாக்ல எழுதணுமாம். பஸ் வர 2 நிமிஷம் இருக்கறப்ப பாத்தேன், பேக்குலேருந்து புடுங்கின வேகத்துல லஞ்ச் பாக்ஸு கீழ, தயிர் சாதம் கார்ப்பெட்ல. வீட்டுக்காரர் ஓடி வந்து "என்னடி புக்கு அது?"ன்னாரு. பதட்டத்துல "ஹாக்கி புக்குங்க"ன்னுட்டேன்.

ஐபிஎல் ஃபைனல் அன்னிக்கு சீரியல் வெக்கச் சொன்னவ ஹாக்கி படிக்கறாளான்னு மனுஷனுக்கு ஒரே பூரிப்பு. அடுத்த சனிக்கிழமைக்கு மினசோட்டா யுனிவர்சிட்டி மேட்ச்சுக்கு 3 டிக்கெட்.

வெளிய குளிருன்னு உள்ள போனா உள்ள ஐஸே போட்டு வெச்சிருக்காங்க. இருந்தாலும் அன்னிக்கு நான்தான் ராணி. எதிர் டீம் ஆள் கொறஞ்சு ஆடற பவர் ப்ளேன்னா என்ன, ஒரு நிமிஷம்கூட ஆகாம ஆளுங்க ஏன் மாறி மாறி எறங்கறாங்க, சின்ன தப்புக்கு 2 நிமிஷம் பெட்டிக்குள்ள உக்காரணும்னு எல்லாத்தயும் அடுக்கறேன், அவரு வாயப் பொளந்து கேக்கறாரு. எல்லாம் ரொமான்ஸ் புக்குல படிச்சதுன்னு எப்படிச் சொல்றது.

ஆனா ஏமாத்தம் என்னன்னா ஒருத்தன் மூஞ்சியும் தெரியல. காலேஜ் ஹாக்கில மூஞ்சி முழுக்க மூடணுமாம், எல்லாரும் கம்பி வல மாட்டிட்டு நிக்கறாங்க. கேலரில இருக்கறவளப் பாத்து கண்ணடிப்பான்னு 11 புக்குல படிச்சேனே, அந்த வலைக்குள்ள தும்மினாக்கூட தெரியாது! சரி சண்டையாவது வரும்னு காத்திருந்தேன். நடுவுல ஒரு தள்ளுமுள்ளு, நான் சீட்டு நுனிக்கு வந்துட்டேன், ரெஃப்ரி வந்து பிரிச்சு விட்டுட்டாரு. பக்கத்து சீட்டு தாத்தா சொல்றாரு, காலேஜ்ல குத்துச்சண்ட போட்டா உடனே வெளிய, அடுத்த மேட்ச்சும் கெடையாது. என் ஹீரோ மூணாவது அத்தியாயத்துலயே வீட்டுக்குப் போயிருக்கணும்.

"உன் புக்குல இந்த ரூல் போடலயா?"ன்னாரு வீட்டுக்காரர். "கடைசி அத்தியாயத்துல வருமோ என்னமோ"ன்னு ஐஸ வழவழப்பாக்க மேல ஓடற ஜம்போனி வண்டியக் காட்டிப் பேச்ச மாத்துனேன்.

மறுநாள் காலைல பாத்தா புக்குல நான் 40வது பக்கத்துல வெச்ச பஸ் டிக்கெட்டு 212ல இருக்கு. கேட்டா கண்ணெல்லாம் சிவந்து போய் டீ ஆத்திக்கிட்டே சொல்றாரு, ரூல் தேடுனாராம்.