ஜீப் ஹவுசிங் பெயிண்ட்: இரண்டாம் சுற்று

போன ஆடியில் என் ஜீப்பின் அடிப்பாகங்களுக்கு அடித்த வெள்ளி பெயிண்ட் சில வாரம் முன்பு டீசலில் நனைத்த பனியன் துணியோடு வழுவழுவென்று வந்துவிட்டது. செதிலாகக் கொட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சிலேட்டை அழிப்பதுபோல ஒரே இழுப்பு. டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸ் சக்தியை முன் பின் சக்கரங்களுக்குப் பிரித்துவிடும் பெட்டி), முன் பின் ஹவுசிங் (அச்சுகளின் இரும்புக் கூடு), அவற்றை இணைக்கும் இரண்டு ஜாயிண்ட் ஷாஃப்ட் என்று நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை போச்சு.

வண்டி 1987 மாடல் மஹிந்திரா, சிஜே-3பி வகை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி இறங்கியே தேய்ந்தது. அடியில் 90ம் நம்பர் கியர் ஆயிலும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்ததைச் சுரண்டிய கதை வேண்டாம், சுரண்டியவர்களுக்குத் தெரியும்.

தப்பு டப்பாவைத் தேர்ந்தெடுத்ததில்தான். '600 டிகிரி தாங்கும்' என்று போட்டிருந்ததைப் பார்த்து, கியர்பாக்ஸ் சூடாகிற சாமான்தானே என்று வாங்கிவிட்டேன். அந்த மாதிரி சிலிக்கோன் பெயிண்ட் முழுதாக இறுகவே 200 டிகிரி பக்கம் சூடு வேண்டும். சைலன்சர் குழாய்க்கு அது தானாகக் கிடைத்துவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸ் மேட்டில் லோ கியரில் முக்கினாலும் அதில் பாதியைத் தொட்டால் பெரிது. ஆக இத்தனை மாதமும் அது இறுகவே இல்லை, தொட்டால் காய்ந்த மாதிரி ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சூடு தாங்கும் பெயிண்ட் என்றால் சூடு வேண்டும் பெயிண்ட் என்று படிக்க வேண்டும் போல.

இந்த முறை அவசரப்படாமல் உடைந்த ஒரு பேரிங் கேப்பில் மூன்று பட்டை அடித்துப் பார்த்தேன். சாதா சிந்தெடிக் எனாமல், கறுப்பு ஸ்பிரே கேன், ஹார்டனர் கலக்கிற டூ-பேக் எபாக்ஸி. இரண்டு வாரம் காயவிட்டு, ஒரு வாரம் கியர் ஆயிலில் ஊறப்போட்டு, டீசலில் துடைத்து, மேலே ஒரு சொட்டு பிரேக் ஆயில். ஸ்பிரே கேன் டீசலிலேயே மங்கிவிட்டது. எனாமல் டீசலுக்கு மசியவில்லை, பிரேக் ஆயில் பட்ட இடம் மட்டும் அப்பளம் மாதிரி பொங்கியது. எபாக்ஸி அசையவில்லை. அதன்மேல் பியூ (பாலியூரித்தேன்) டாப்கோட் வேண்டாமா என்றால், எபாக்ஸி வெயிலில்தான் வெளுத்து மாவாகும். வண்டிக்கு அடியில் ஏது வெயில்? காசு மிச்சம், அதோடு பியூ ஹார்டனரின், நுரையீரலுக்கு ஆகாத ஐசோசயனேட் புகையும் மிச்சம். அதைத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், மேல கறுப்பு. லாரிக்காரன் எல்லாம் முட்டாளா தம்பி?" இல்லைண்ணே, ஆனால் லாரிக்காரர் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போதெல்லாம் மறுபடி அடிப்பார், நான் அடிக்க மாட்டேன்.

சரி, உயிரை வாங்கிய இடத்துக்கு வருகிறேன். வார்ப்பிரும்பு ஆயிலைக் குடித்து வைத்திருக்கிறது. வயர் பிரஷ், தின்னர், சோப்புத்தண்ணீர் எல்லாம் முடித்துப் பளிச்சென்று இருந்த டிரான்ஸ்ஃபர் கேஸை வெயிலில் வைத்தேன், அரைமணியில் கறுப்புக் கறுப்பாய் வியர்த்தது. அதனால் ஹாட் ஏர் கன் வைத்துக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கு, வியர்க்கவிடு, உலர்ந்த துணியில் ஒற்று, ஆறவிட்டுத் தின்னரில் துடை (சூட்டோடு தின்னர் போட்டால் பெயிண்டுக்குப் பதில் தீக்காயம்தான்), மறுபடி சூடாக்கு. ஐந்து சுற்று! முடிந்ததா என்று பார்க்கத் தண்ணீரை ஊற்றினேன். படலமாகப் பரவி நின்றால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் ஆயில் இன்னும் உள்ளே. நான்காவது சுற்று வரை ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக் பக்கம் முத்துத்தான். ஐந்தாவதில் பரவியது, உடனே புளோயரால் காய வைத்து அன்றைக்கே பிரைமர். விட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் துரு பூத்திருக்கும்.

பவுடர் கோட்டிங் பண்ணலாமே என்று மச்சான் கேட்டான். இந்த வியர்வையை 180, 200 டிகிரி அடுப்பில் வைத்தால் பூச்சு முழுக்க ஊசித்துளை. பிரித்த ஷாஃப்டுக்கு வேண்டுமானால் பார்க்கலாம், அதிலும் ஷாஃப்ட் முனையின் மூட்டான யூ-ஜாயிண்டின் கப் உட்காரும் துளையில் பூச்சு ஏறினால் கப் ஒழுங்காக உள்ளே போகாது. நான் அந்தத் துளைகளுக்கும் ஆயில் சீல் ஓடும் இடத்துக்கும் கேஸ்கெட் முகங்களுக்கும் டேப் ஒட்டினேன். ஹவுசிங்கின் காற்றுத்துளையான பிரீதருக்கு மட்டும் பெயிண்ட் போகாமல் தீக்குச்சி செருகினேன். முன்னொரு தடவை அது பெயிண்டில் அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறி, புது சீல் வழியாக ஆயில் கக்கியது.

கலர் இளம் சாம்பல். கறுப்பில் ஒழுகல் தெரியாது. இந்த ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒழுகாமல் இருக்கப்போவதில்லை, எங்கிருந்து என்றாவது தெரியட்டும். இதன் பின்பக்கத்தில்தான் ஹேண்ட்பிரேக் டிரம் இருக்கிறது, சீல் போனால் டிரம் ஆயிலில் குளித்து மேட்டில் வண்டி நிற்காது. அந்த சீலுக்காக அடுத்த மாதம் சென்னை புதுப்பேட்டை போகிறேன், அப்படியே ஒரு நல்ல பின் ஸ்பிரிங் பட்டை செட்டும் கிடைத்தால்... முதலில் இதை முடிக்க வேண்டும். பின் ஹவுசிங் இன்னும் மூன்றாவது சுற்று வியர்வையில் இருக்கிறது. முன் ஹவுசிங்கில் அந்த வெள்ளி பெயிண்ட் அப்படியேதான், அதைத் தொடவே இல்லை.