ஐந்து, ஐந்து, ஒன்று

எங்கள் ஊரான திருகோணமலையில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஒருநாள் கணினித்தமிழ் மாநாட்டுக்கு வரும் உரை முன்மொழிவுகளைப் பெறுவதும், அவற்றை மதிப்பீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும், முடிவை உரியவர்களுக்கு அறிவிப்பதும் மூன்று ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு இப்படியொரு வேலை இருப்பதே தெரியாது. பிழை நேர்ந்தால் மட்டுமே தெரியவரும். முதலாவது ஆண்டில் அது நேர்ந்தது.

அந்த ஆண்டு 41 முன்மொழிவுகள் வந்திருந்தன. இறுதி நாளின் மாலை ஆறு மணிவரை 17 மட்டுமே வந்திருந்ததால் திகதியை நீடிப்போமா என்று குழுவில் பேச்செழுந்தது. நள்ளிரவுக்குள் மற்ற 24 முன்மொழிவுகளும் வந்து சேர்ந்தன. (இறுதித் திகதியை நீடிப்பது, நேரத்துக்கு அனுப்பியவர்களுக்குக் கொடுக்கும் தண்டனை என்ற என் எண்ணம் இன்றுவரை மாறவில்லை.) மேடையில் இருந்ததோ 14 உரைகளுக்கான நேரம். ஒவ்வொரு முன்மொழிவையும் மூவர் வாசிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 123 வாசிப்புகள். மதிப்பீட்டாளர்கள் ஒன்பது பேர். ஆளுக்கு 13 அல்லது 14. கூகிள் படிவம் ஒன்றைச் செய்து, 1 முதல் 5 வரை புள்ளியிடும் கட்டத்தைக் கட்டாயமாக்கி, கருத்தெழுதும் கட்டத்தை விருப்பத்துக்கு விட்டுவிட்டேன். புள்ளிகள் வந்ததும் எக்செல் தாளில் சராசரி எடுத்து, இறங்குவரிசையில் அடுக்கி, பதினான்காவது பெயருக்குக் கீழே ஒரு கோடு கிழித்தேன். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு விரைவில் முடிந்ததே எனக்கு ஐயத்தைத் தந்திருக்க வேண்டும்; எனக்கோ பெருமையாக இருந்தது.

கோட்டுக்குக் கீழே விழுந்தவற்றில் அருகிலுள்ள கிண்ணியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் முன்மொழிவும் இருந்தது. கச்சான், சோளகம், வாடை, கொண்டல் என்று கடலோடிகள் காற்றுக்கு வழங்கும் பெயர்களைக் கொண்டே வானிலை எச்சரிக்கைகளைக் கைபேசியில் தருவது எப்படி என்பது அவருடைய பொருள். அதற்குக் கிடைத்த புள்ளிகள் 5, 5, 1. சராசரி 3.67. பதினான்காவது இடத்தில் நின்ற உரையின் சராசரி 4. ஆசிரியருடையதற்கு அடுத்த வரியில், அதே 3.67 சராசரியுடன், 4, 4, 3 என்று வாங்கிய இன்னொரு முன்மொழிவு கிடந்தது. மூவருக்கும் ஓரளவு பிடித்துப்போன ஒன்றும், இருவர் தலையில் தூக்கிவைத்து ஒருவர் தூக்கி எறிந்த ஒன்றும் எக்செலின் கண்ணுக்கு ஒரே பொருள்தான். ஒன்று போட்டவர் கருத்துக் கட்டத்தில் எழுதியிருந்தது இரண்டே சொற்கள்: ‘வாசிக்க முடியவில்லை’. நடை மோசம் என்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு கடந்துபோனேன்.

மாநாடு முடிந்து இரண்டு கிழமைகளின் பின் அந்த ஆசிரியரை மத்திய பேருந்து நிலையத்தில் கண்டேன். கிண்ணியா பேருந்துக்காக நின்றிருந்தார்; அருகில் மான் ஒன்று வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது, எங்கள் நகரில் அது யாரும் திரும்பிப் பார்க்கும் காட்சி அல்ல. “தம்பி, எடுக்காமல் விட்டதில் எனக்கு வருத்தமில்லை. எந்த இடத்தில் பிழை என்று ஒரு வரி எழுதியிருந்தால் திருத்தி வைத்திருப்பேன்,” என்றார். என்னிடம் சொல்வதற்கு ஒரு வரியும் இருக்கவில்லை. “பார்த்துச் சொல்கிறேன் சேர்,” என்று விடைபெற்று வீட்டுக்கு வந்து, அவருடைய கோப்பை முதன்முறையாக என் கைபேசியில் திறந்தேன்.

தலைப்பைப் படிவத்தில் தட்டச்சிட்டிருந்ததால் அது தமிழில் இருந்தது. இணைத்திருந்த வேர்ட் கோப்பு முழுவதும் பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருக்கும் பழைய எழுத்துரு அது. நம் நாட்டில் இன்றும் எத்தனையோ அச்சகங்களும் அலுவலகங்களும் அதில்தான் தட்டச்சிடுகின்றன. எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் தமிழாகத் தெரிவது, நிறுவப்படாத கருவியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும். திருகோணமலை என்ற சொல்லே ஜே, பி, யூ, என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்று நின்றது. ஐந்து கொடுத்த இருவரும் மேசைக் கணினியில் வாசித்தவர்கள். மூன்றாமவர் கொழும்பிலிருந்து வந்த இரவுப் புகையிரதத்தில் கைபேசியில் வாசித்திருக்கிறார். அவர் எழுதியது அப்பட்டமான உண்மை: வாசிக்க முடியவில்லை. புள்ளியிடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக என் படிவம் விடாததால், இருப்பதில் சிறியதை இட்டுவிட்டுப் போயிருக்கிறார். குற்றம் அவருடையதன்று, ‘மதிப்பிட இயலவில்லை’ என்ற ஒரு தெரிவை வைக்காத என்னுடையது.

அதன் பிறகு புள்ளிகளை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். எதை எடுப்பது என்று அவை சொல்வதில்லை. எதைப் பற்றிக் கூடிப் பேச வேண்டும் என்று சொல்கின்றன. சராசரிக்குப் பக்கத்தில், மிகக் கூடிய புள்ளிக்கும் மிகக் குறைந்த புள்ளிக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ஒரு நிரல் சேர்த்தேன். அது மூன்றுக்கு மேற்பட்டால், சராசரி எதுவாயினும், அந்த முன்மொழிவு மேசைக்கு வரும். இப்படிப் பிளவுபடுவது எங்களைப் போன்ற சிறிய மாநாடுகளுக்கே உரிய குறை அன்று. இயந்திரக் கற்றல் துறையின் பெரிய மாநாடான நியூரிப்ஸ், 2014 இல் தன்னிடம் வந்த கட்டுரைகளில் 166 ஐ ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய நான்கில் ஒரு கட்டுரையில் இரு குழுக்களும் எதிரெதிர் முடிவு எடுத்தன. அங்கேயே அந்த நிலை என்றால், கோட்டுக்கு அருகில் நிற்பவற்றின் வரிசை எண்ணை நாங்கள் வேதமாகக் கொள்வதில் பொருளில்லை.

புள்ளியிடும் கைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எங்கள் மதிப்பீட்டாளர் ஒருவர் பல்லாண்டுகள் உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தியவர். அவருடைய 3 பாராட்டு. இன்னொருவருக்கு நாலுக்குக் கீழே எண்கள் இருப்பதே தெரியாது. ஒருவர் இட்ட ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அவருடைய சொந்தச் சராசரியைக் கழித்துப் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு ஓரளவு தெளியும், அவருக்குக் கிடைத்த கட்டு உண்மையிலேயே மோசமானதாக இருந்துவிடாத வரை.

பெயரை மறைத்து வாசிப்பதுதான் இங்கே கடினம். மறைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: வெப் தேடல் பற்றிய மாநாடு ஒன்று 2017 இல் தன் மதிப்பீட்டாளர்களில் பாதிப் பேருக்குப் பெயர்களைக் காட்டி, பாதிப் பேருக்கு மறைத்துப் பார்த்தபோது, பெயரைக் கண்டவர்கள் புகழ்பெற்றவர்களின் கட்டுரைகளுக்கும் பெரிய பல்கலைக்கழகங்களின் கட்டுரைகளுக்கும் கூடுதலாகச் சாய்ந்தார்கள். கோப்பின் பெயரிலும் அதன் பண்புகளிலும் ஒளிந்திருக்கும் எழுதியவர் பெயரைத் துடைத்துவிடலாம். மூதூர்ப் பேச்சையும் சாம்பல்தீவுப் பேச்சையும் எப்படித் துடைப்பது? இரண்டாவது பந்தியிலேயே இன்னார் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆகவே, முன்மொழிந்தவர் உங்கள் உறவினரா, மாணவரா, உங்களுடன் வேலை செய்பவரா என்று மதிப்பீட்டாளரிடம் முதலிலேயே கேட்டு, ஆம் என்றால் அதை இன்னொருவருக்கு மாற்றிவிடுகிறேன். இந்த ஊரில் அந்த மாற்றங்களுக்கே இரண்டு மாலைப்பொழுதுகள் போய்விடும்.

இரண்டாவது ஆண்டில் மாநாட்டு முன்மொழிவுகளைக் கையாளும் பிரீடால்க்ஸ் என்ற திறமூல மென்பொருளுக்கு மாறினோம். பேச்சாளரின் பெயரை மறைக்கவும், தன் மதிப்பீட்டை எழுதி முடிக்கும்வரை மற்றவர்களின் மதிப்பீட்டை ஒருவர் காணாதபடி செய்யவும் அதில் வழியுண்டு. கருத்துக் கட்டத்தைக் கட்டாயமாக்கினேன். மறுப்புக் கடிதங்களை நானே ஒவ்வொன்றாக எழுதுகிறேன். மதிப்பீட்டாளரின் சொற்களைக் கூர்மை குறைத்து, பொருள் குறையாமல் தருவதற்கு ஒரு கடிதத்துக்குக் கால் மணித்தியாலம் ஆகிறது. வந்துசேரும் கோப்புகள் அனைத்தையும் முதலில் என் கைபேசியில் திறந்து பார்க்கிறேன்.

கிண்ணியா ஆசிரியர் மீண்டும் அனுப்பினார், இம்முறை எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிக்கோடில். கிடைத்தது 5, 4, 1. இந்த முறை ஒன்று போட்டவர் நான்கு வரிகள் எழுதியிருந்தார்: புல்மோட்டை முதல் மூதூர் வரை எல்லாக் கரைகளிலும் கச்சான் என்றால் ஒரே திசையைத்தான் சொல்கிறார்களா, இல்லையென்றால் எச்சரிக்கையில் யாருடைய கச்சான் இடம்பெறும் என்பது அவருடைய கேள்வி. மேசையில் நாற்பது நிமிடங்கள் பேசிவிட்டு, கேள்வியை அப்படியே ஆசிரியருக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள், கரைகளின் பெயர்களையும் அங்கே கேட்டறிந்த திசைகளையும் எழுதிய ஒரு தாளைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். பகலுணவுக்குப் பின்வரும் முதல் உரையாக அதை வைத்தோம். ஒன்று போட்டவர் முன்வரிசையில் வந்து அமர்ந்து, கேள்விக்கென ஒதுக்கிய பத்து நிமிடங்களையும் தாமே எடுத்துக்கொண்டார்.