அம்மா குட்டைதானே!

குழந்தைகள் மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவில் உயரமும் எடையும் பார்ப்பதுதான் என் வேலை. கேட்பதற்கு லேசாகத் தெரியும். இரண்டு வயது நிறையாத குழந்தையைப் பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முழங்காலை அமுக்கி, நகரும் கட்டையை உள்ளங்காலோடு ஒட்டி நிறுத்த வேண்டும். அதற்குள் பிள்ளை ஊரைக் கூட்டிவிடும். அதே பிள்ளையை நிற்க வைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. குறையும். வேலைக்குச் சேர்ந்து வெகு நாள் கழித்துத்தான் எனக்கே இது தெரிந்தது.

வளர்ச்சி அட்டையில் புள்ளி கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கினால், நான் உடனே நிமிர்ந்து அம்மாவைப் பார்ப்பேன். அவரும் குள்ளமாக இருந்தால் சரி, பரம்பரை என்று மனசுக்குள் கணக்கை முடித்துவிடுவேன்.

ஒரு நாள் இரண்டரை வயதுப் பெண் குழந்தை வந்தது. உயரம் 82 செ.மீ. அந்த வயதுக்கு 90 ஒட்டி இருக்க வேண்டும். அம்மா என் தோளுக்குத்தான் வந்தார். "அம்மா குட்டைதானே, பிள்ளையும் அப்படித்தான் இருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பின்னால் நின்ற பாட்டி, "அப்ப நான் குட்டையா?" என்றார்.

பார்த்தேன். முதுகு லேசாகக் கூன் விழுந்திருந்தும் மகளைவிட நாலு விரல் உயரம். "என் மக இவ பொறந்த மூணு வருஷமும் எங்க வீட்ல அடுப்பு எரியாத நாள்தான் அதிகம். எரிஞ்ச நாள்ல இவளுக்கு வயித்துப்போக்கு. எங்கிருந்து வளருவா?"

அந்த மூன்று வருடம் சாதாரண மூன்று வருடம் அல்ல. பிறந்த முதல் வருடத்தில் மட்டும் குழந்தை 25 செ.மீ. வளர்கிறது, அடுத்த வருடத்தில் 12 போல. பிறகு வேகம் குறைந்துவிடும். அந்த நேரத்தில் சாப்பாடு இல்லையென்றால் உடம்பு முதலில் உயிரைத்தான் காப்பாற்றிக்கொள்ளும், எலும்பு நீள்வதைத் தள்ளிப்போடும். சாப்பாடு இருந்தாலும், அழுக்குத் தண்ணீரால் அடிக்கடி வயிறு கெட்டால் குடலின் உட்சுவர் தேய்ந்துபோய், உள்ளே போவது உடம்பில் ஒட்டாது. குழந்தையின் தட்டை மட்டும் பார்த்துவிட்டு அம்மாவைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான்.

அப்புறம் அந்தப் பெண் வளர்ந்து தாயாகிறாள். சிறிய உடம்புக்குள் வளரும் கரு சிறிதாகவே பிறக்கப் பார்க்கும். 1938-இல் ஒரு குதிரை ஆராய்ச்சி வெளியானது. பெரிய ஷயர் இனத்தையும் குட்டி ஷெட்லாண்ட் இனத்தையும் கலந்தார்கள். தாய் ஷயராக இருந்தபோது பிறந்த குட்டி, தாய் ஷெட்லாண்டாக இருந்தபோது பிறந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. கலந்த இனங்கள் அதே இரண்டுதான். மாறியது குட்டி வளர்ந்த வயிறு.

பரம்பரையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வயிறார உண்டு வளர்ந்தவர்களுக்குள் இருக்கும் உயர வித்தியாசம் பெரும்பாலும் மரபணுவால் வருவதுதான். ஆனால் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரே நூற்றாண்டில் சுமார் 20 செ.மீ. கூடியிருக்கிறது. நூறு வருடத்தில் மரபணு அப்படி மாறாது. அந்த 20 செ.மீ. ஒரே தலைமுறையில் வந்ததும் இல்லை. மகள் கொஞ்சம், பேத்தி இன்னும் கொஞ்சம் என்றுதான் ஏறியது.

அன்று பாட்டியை அளவுகோலில் நிற்கச் சொன்னேன். "என்னை எதுக்கும்மா அளக்குற?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். 153. கேட்காமலே மகளும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். 146. அட்டையில் பெரியவர்களுக்கென்று கட்டம் கிடையாது. பேத்தியின் 82-க்குப் பக்கத்தில், ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில், இரண்டையும் பென்சிலால் எழுதினேன்.