வெட்டட்டுமா? ஒரு சனிக்கிழமை விளையாட்டு வகுப்பின் நாட்குறிப்பு

2025 மே 10, சனிக்கிழமை

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தை ஒட்டியுள்ள அறையில் இன்று முதல் வகுப்பு நடந்தது. வகுப்பு என்று சொன்னாலும் அங்கே வெண்பலகையும் இல்லை, பயிற்சித்தாளும் இல்லை. ஒரு பழைய தொலைக்காட்சி, நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவி ஒன்று, நான்கு கன்ட்ரோலர்கள், தரையில் ஒரு பாய், அவ்வளவுதான். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவர் தொண்டூழியராக வந்து உதவுகிறார்.

தொடக்கப்பள்ளியில் 16 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு, இடைவேளையில் சுவரோரமாகத் தனித்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றிய கவலை நெடுநாளாக உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுவோருக்கு சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் 1991 முதல் கைகொடுத்து வருகிறது. மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள பிள்ளைகளுக்காகப் பாத்லைட் பள்ளி 2004இல் தொடங்கப்பட்டது. ஆனால் பொதுப்பள்ளியில் படித்து, ஓரளவு மதிப்பெண்ணும் வாங்கி, "என்னையும் சேர்த்துக்கொள்கிறீர்களா?" என்று மட்டும் கேட்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு அந்த ஒரு கேள்வியைப் பழகிப் பார்க்க அச்சமில்லாத இடம் ஒன்று வேண்டும். அதற்காகத்தான் இந்த வகுப்பு.

பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் உண்மைப் பெயர்களை எழுதப்போவதில்லை. ஆளுக்கொரு பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். 10 வயது ஆமைக்கு மதியிறுக்கம். 9 வயது மின்னலுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும். 11 வயது மல்லிக்கு டிஸ்லெக்சியா. 8 வயது இஞ்சி, சொல்ல நினைப்பதை வாக்கியமாக்க முடியாமல் பாதியில் நிறுத்திவிடுபவள்.

ஆமையைப் பாட்டி அழைத்து வருகிறார். அவனுக்கு 3 வயதில் பேச்சு தாமதமானபோது, வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்களாம். பாட்டிக்கோ தமிழ் மட்டும்தான் தெரியும். இரண்டு மொழிகள் புழங்கும் வீடு மதியிறுக்கமுள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சிக்குத் தடையாவதில்லை என்றே ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. ஒரே வீட்டில் 7 ஆண்டுகளைப் பாட்டியும் பேரனும் பெரும்பாலும் சைகையிலேயே கழித்திருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு மனம் ஆறவில்லை. இந்த அறையில் விளையாட்டு தமிழில்தான் நடக்கும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

மே 17, சனிக்கிழமை

இன்று ஆடியது 'ஸ்னிப்பர்கிளிப்ஸ்'. 2017இல் ஸ்விட்ச் கருவி விற்பனைக்கு வந்தபோதே உடன் வந்த விளையாட்டு. காகிதத்தால் ஆன இரண்டு உருவங்கள். ஒன்று மற்றொன்றின்மேல் படிந்து நின்று பொத்தானை அழுத்தினால், படிந்த பகுதி மற்றதன் உடலிலிருந்து வெட்டுப்பட்டு விழுந்துவிடும். இப்படி ஒருவரையொருவர் வேண்டிய வடிவத்துக்கு வெட்டிக்கொண்டு புதிர்களைத் தீர்க்க வேண்டும். முதலில் வந்த புதிரில், புள்ளிக்கோட்டால் வரைந்த ஒரு வடிவத்தை இரண்டு உருவங்களும் சேர்ந்து நிரப்ப வேண்டியிருந்தது.

ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே மின்னல் பாய்ந்து சென்று ஆமையின் உருவத்தில் பாதியை வெட்டிவிட்டான். புதிருக்கு அது சரியான வெட்டுதான். ஆனால் ஆமை கன்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டு, இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

நான் எழுந்து போகவில்லை. தொண்டூழியரையும் கையசைத்து நிறுத்தினேன். மின்னல் திகைத்துப்போய்த் திரையையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, தன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஆமையினுடையதை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினான். வெட்டுப்பட்ட காகிதம் முழு உருவமாக மீண்டது. "பார், திரும்ப வந்துடுச்சு," என்றான். மேசைக்கடியிலிருந்து ஆமை தலையை நீட்டிப் பார்த்தான். "கேட்டுட்டு வெட்டலாம்ல?" என்று மின்னலிடம் சொன்னவள் மல்லி. நான் சொல்லலாம் என்று நினைத்திருந்த விதியை ஒரு பிள்ளையே சொன்னதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வெட்டுவதற்கு முன் "வெட்டட்டுமா?" என்று கேட்க வேண்டும், மற்றவர் "வெட்டு" என்றோ "வேண்டாம்" என்றோ பதில் சொல்ல வேண்டும்.

வகுப்பு முடிய 10 நிமிடம் இருந்தபோது, ஆமை திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், மெல்லிய குரலில், "வெட்டட்டுமா?" என்றான். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டி தம் கையிலிருந்த பையை மடித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

மே 18, ஞாயிற்றுக்கிழமை

நேற்று நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "போகட்டுமா, எடுக்கட்டுமா, திறக்கட்டுமா" என்று பயிற்சித்தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி எத்தனையோ ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். பிள்ளைகள் சரியாகவே நிரப்புவார்கள், ஆனால் அடுத்தவரின் அழிப்பானை எடுக்கும்போது ஒருவரும் "எடுக்கட்டுமா?" என்று கேட்டதில்லை. என் செயல் உன்னைத் தொடுகிறது, ஆகவே உன் சம்மதம் எனக்கு வேண்டும் என்ற பொருளை ஒரே விகுதிக்குள் வைத்திருக்கும் மொழி நம்முடையது. அந்தப் பொருள் பயிற்சித்தாளில் யாருக்கும் தேவைப்படுவதில்லை. விளையாட்டில் அது உடனே தேவைப்பட்டது. கேட்காவிட்டால் கூட்டாளி மேசைக்கடியில் போய்விடுவான், புதிர் அப்படியே நிற்கும்.

ஆமை கண்ணைப் பார்த்துப் பேசவில்லையே என்று தொண்டூழியர் கேட்டார். நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. மதியிறுக்கமுள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான புரிதல் சிக்கல் இருபுறமும் சேர்ந்து உண்டாக்குவது என்று, தாமும் மதியிறுக்கமுள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்ட்டன் 2012இல் எழுதினார். நேற்று கற்றுக்கொண்டவர்களில் மின்னலும் ஒருவன். அவசரக்காரனான அவன் ஒரு பதிலுக்காகக் காத்திருந்ததை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

மே 24, சனிக்கிழமை

இன்று 'ஓவர்குக்ட்'. நான்கு பேர் ஒரே சமையலறையில் நின்று, நேரம் முடிவதற்குள் வந்த ஆர்டர்களைச் சமைத்துக் கொடுக்க வேண்டும். மூன்று வெங்காயத்தை வெட்டிப் பானையில் போட்டால் சூப். கவனிக்காமல் விட்டால் பானை தீப்பிடிக்கும், தீயணைப்பானைத் தேடி ஓட வேண்டும்.

சும்மா விட்டால் நால்வரும் வெங்காயத்தின் மேல்தான் பாய்வார்கள் என்று தெரியும். அதனால் உளவியலாளர் டேனியல் லெகாஃபின் முறையைக் கடன் வாங்கினேன். லெகோ கட்டைகளை வைத்து மதியிறுக்கமுள்ள பிள்ளைகளின் பழகும் திறனை வளர்த்தது பற்றி அவர் 2004இல் ஆய்வு வெளியிட்டார். ஒருவர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்வார், ஒருவர் கட்டையை எடுத்துத் தருவார், ஒருவர் கட்டுவார். பிறகு பொறுப்பு மாறும். யாரும் தனியாக எதையும் முடிக்க முடியாது என்பதே அதன் உயிர். எங்கள் சமையலறையில் ஒருவர் ஆர்டரைச் சொல்வார், ஒருவர் வெட்டுவார், ஒருவர் அடுப்பைப் பார்ப்பார், ஒருவர் தட்டில் எடுத்துக் கொடுப்பார். அடுப்பைப் பார்ப்பவர் வெங்காயத்தைத் தொடக்கூடாது. வேண்டுமானால் கேட்டு வாங்க வேண்டும்.

மல்லியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். வகுப்பில் பலகையை வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும் பெண் அவள். இந்த விளையாட்டில் ஆர்டர்கள் எழுத்தில் வருவதில்லை, படங்களாக வருகின்றன. இரண்டாவது சுற்றிலேயே அவள் எழுந்து நின்று, "தக்காளி சூப் ஒண்ணு, வெங்காயம் ரெண்டு, முதல்ல தக்காளி!" என்று மூவரையும் நடத்தினாள். அவளுக்குத் தலைமைப் பண்பு இன்று வந்ததல்ல; எழுத்து இத்தனை நாளும் அதை மறைத்திருந்தது.

மே 27, செவ்வாய்க்கிழமை

இஞ்சியின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், வீட்டுல கேமைக் குறைக்கத்தான் நான் பாடுபடுறேன், நீங்களே விளையாடச் சொல்றீங்களே?" என்றார். நியாயமான கேள்வி. 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளின் திரைநேரம், பள்ளிப் பாடத்துக்கானது நீங்கலாக, நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு இவ்வாண்டு ஜனவரியில் வழிகாட்டியிருக்கிறது. கட்டுப்படுத்த முடியாத விளையாட்டுப் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் நோய்களின் வகைப்பாட்டில் சேர்த்தது. எங்கள் விளையாட்டு வாரத்தில் ஒரு முறை, 45 நிமிடம், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க, நால்வரும் ஒரே பாயில் அமர்ந்து ஆடுவது என்று விளக்கினேன். தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடும் அதே விளையாட்டு அவளுக்கு இதைக் கற்றுத்தரும் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அடுத்த வாரம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மே 31, சனிக்கிழமை

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. வகுப்புக்கு முன்பே பாட்டி என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். புதன்கிழமை அவர் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஆமை வந்து பக்கத்தில் நின்றானாம். வெகுநேரம் கத்தியையே பார்த்துவிட்டு, "வெட்டட்டுமா?" என்று கேட்டானாம். பாட்டி வெண்ணெய் தடவும் கத்தியைக் கொடுத்து, மேசையில் செய்தித்தாளை விரித்து உட்காரவைத்திருக்கிறார். ஒவ்வொரு பீன்ஸுக்கும் ஒரு முறை கேட்டானாம், பாட்டியும் ஒவ்வொரு முறையும் "வெட்டுய்யா" என்றாராம். "அரைக் கிலோ, டீச்சர்," என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

ஜூன் 7, சனிக்கிழமை

ஹஜ்ஜுப் பெருநாள் என்பதால் வகுப்பு இல்லை.

விட்டுப்போன வாசிப்பைத் தொடர்ந்தேன். மதியிறுக்கமுள்ள பிள்ளைகள் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் பொதுவான இணையத் தளங்களில் கேலிக்கும் தொல்லைக்கும் ஆளாவதைக் கேள்விப்பட்ட கனடாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டங்கன், 2013இல் அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் மட்டுமான 'ஆட்கிராஃப்ட்' தளத்தைத் தொடங்கினார். அனுமதி பெற்றவர்களே உள்ளே வரலாம். எனக்கு அதில் பிடித்தது, பிள்ளைகளைத் திருத்தப் போகாமல் சூழலைத் திருத்தியது.

ஜூன் 14, சனிக்கிழமை

இன்று நன்றாக நடக்கவில்லை, அதற்குக் காரணம் நான். 'ஓவர்குக்ட்' ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நட்சத்திரம் வரை தருகிறது. இரண்டு கிடைத்ததும், "இன்னும் ஒண்ணுதான், சீக்கிரம், சீக்கிரம்!" என்று நானே கத்தத் தொடங்கிவிட்டேன். இஞ்சி தட்டை எடுக்க மறந்தாள், பானை தீப்பிடித்தது, மின்னல் "எல்லாம் உன்னாலதான்!" என்று கன்ட்ரோலரைப் பாயில் வீசினான். இஞ்சி வாய்திறக்கவில்லை. கதவருகே நின்றிருந்த அவள் தாயாரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவசரப்படுத்தியது டீச்சர், இஞ்சி அல்ல என்று பிள்ளைகளிடமே சொன்னேன். பிறகு, சுற்றின் நேரத்தை நீட்டித்தரும் உதவி முறைக்கு மாற்றி, நட்சத்திரத்தைப் பற்றிப் பேசாமல் அதே கட்டத்தை மறுபடி ஆடினோம். இந்த முறை பானை புகையத் தொடங்கியதும் இஞ்சி, "நில்லுங்க, நான் இன்னும் தட்டு எடுக்கல," என்றாள். முழு வாக்கியம். மூவரும் நின்றார்கள். வெளியே செருப்பு மாட்டும்போது மின்னல் அவளிடம், "அடுத்த வாரம் நீ அடுப்பைப் பார்க்கறியா?" என்று கேட்டான். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. ஆனால் தனக்கு மிகவும் பிடித்த வேலையை அவன் விட்டுக்கொடுத்திருந்தான்.

ஆமையிடம் வேறொரு சிக்கல். குளிர்பதனப் பெட்டியைத் திறக்கவும் "வெட்டட்டுமா?", தொலைக்காட்சியைப் போடவும் "வெட்டட்டுமா?" என்கிறானாம். அவனைப் பொறுத்தவரை அனுமதி கேட்பதற்கான சொல்லே அதுதான். இதைத் தவறென்று திருத்தாமல், அவன் கேட்டதும் "ஓ, திறக்கட்டுமாவா? திற," என்று சரியான சொல்லைத் திருப்பிக் கொடுக்கும்படி பாட்டியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 21, சனிக்கிழமை

விளையாட்டு இல்லை, உணவங்காடி நிலையத்துக்குப் போனோம். திரையில் பழகியது வெளியே நிற்குமா என்று பார்க்காமல் இந்த வகுப்பைத் தொடர்வதில் எனக்கு உடன்பாடில்லை. வேலையை முன்பே பிரித்துக்கொண்டோம்: மல்லி ஆர்டர் சொல்ல, மின்னல் பணம் கொடுக்க, இஞ்சி தட்டேந்த, ஆமை இடம் பிடிக்க.

நண்பகல், கூட்டம் நெரிந்தது. காலியாகத் தெரிந்த மேசை ஒன்றின்மேல் டிஷ்யூ பொட்டலம் இருந்தது. ஆமை உட்காரப் போனபோது மல்லி கையை நீட்டித் தடுத்து, "டிஷ்யூ இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம்," என்றாள். யாரும் எழுதிவைக்காத விதி, இந்த ஊரில் எல்லாரும் மதிப்பது. அவன் பொட்டலத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தான்.

அடுத்த மேசையில் ஒரு வயதான சீன அம்மையார் தனியே மீ (நூடுல்ஸ்) சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர் இருக்கையில் அவருடைய காய்கறிப் பை. ஆமை மேசை விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, பையையே பார்த்தபடி நின்றான். நான் நான்கடி தள்ளி நின்று வாயை மூடிக்கொண்டேன். அது எளிதாக இல்லை. "வெ..." என்று தொடங்கி நிறுத்தினான். பிறகு, "உட்காரட்டுமா?" என்றான்.

அவருக்குத் தமிழ் தெரியாது. அவன் கையைப் பார்த்தார், இருக்கையைப் பார்த்தார், பையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, "சிட், சிட், பாய்," என்றார். அவன் உட்கார்ந்தான்.

இதுவரை வெளியே அவன் கேட்ட ஒவ்வொரு முறையும் சரி என்ற பதிலே கிடைத்திருக்கிறது. ஆகவே 28ஆம் தேதி மீண்டும் 'ஸ்னிப்பர்கிளிப்ஸ்' ஆடுவோம். அன்று முதல் 15 நிமிடம், யார் எதைக் கேட்டாலும் மற்றவர் "வேண்டாம்" என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர் வேறு வழியைச் சொல்லிப் பார்க்க வேண்டும். பாட்டியும் ஒரு கன்ட்ரோலர் கேட்டிருக்கிறார்.