வரிசையில் 15 மாதம்: ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர நாட்குறிப்பு

21 ஆகஸ்ட் 2023, திங்கள்

"பையை மாட்டு, ஷூவைக் கழற்று, பாயில் வந்து உட்கார்" என்றார் ஆசிரியை. பையன் பையை மாட்டிவிட்டு அங்கேயே நின்றான். மூன்றாம் முறை சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது. அவன் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். எட்டு வயது. வெள்ளிக்கிழமை தடுமாறாமல் சொன்ன நான்காம் வாய்ப்பாடு இன்று சுத்தமாக நினைவில் இல்லை.

அடம் என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். உதவி ஆசிரியையாக ஆறு வருடம் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். இது அடம் இல்லை. கருவில் இருந்தபோது தாய் குடித்த மது மூளையைப் பாதித்திருக்கலாம், அந்தப் பாதிப்பைத்தான் எஃப்ஏஎஸ்டி என்கிறார்கள். இந்தப் பாதிப்புள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு முகத்தில் எதுவும் தெரியாது. அதனால் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

26 ஆகஸ்ட், சனி

அவனுடைய வளர்ப்புத் தாயைப் பார்க்கப் போனேன். பரிசோதனைக்குப் பெயர் கொடுத்து 15 மாதம் ஆகிறது. அது ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லிவிடும் விஷயமும் இல்லை. குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் என்று ஒரு குழுவே வேண்டும். நினைவாற்றல், கவனம், மொழி என மூளையின் 10 செயல்பாடுகளைச் சோதித்து, குறைந்தது மூன்றிலாவது கடுமையான குறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தனியாரிடம் போனால் பல ஆயிரம் டாலர். அவரிடம் அவ்வளவு பணம் இல்லை.

நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். "நீங்கள் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்தே எழுதுவோம் என்றேன்.

3 செப்டம்பர், ஞாயிறு

கடிதத்துக்காகப் படித்ததில் ஒரு கணக்கு தூங்க விடவில்லை. இதே பெர்த்தில் இருக்கும் பேங்க்சியா ஹில் சிறார் தடுப்பு மையத்தில் 99 பிள்ளைகளை முழுமையாகச் சோதித்திருக்கிறார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. 36 பேருக்கு எஃப்ஏஎஸ்டி. அதில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது இரண்டே பேருக்கு.

மற்ற 34 பேரும் பள்ளிக்கூடம், டாக்டர், போலீஸ், நீதிமன்றம் எல்லாம் தாண்டித்தானே அங்கே போயிருப்பார்கள்? பூட்டிவைக்கப் பணம் இருக்கிறது. எட்டு வயதில் சோதித்துப் பார்க்க மட்டும் இல்லையா?

9 செப்டம்பர், சனி

இன்று எஃப்ஏஎஸ்டி விழிப்புணர்வு நாள். கர்ப்பம் ஒன்பது மாதம் என்பதால் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி.

மாலையில் நண்பர் வீட்டு விருந்து. ஒயின் பாட்டிலில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை இருந்தது. உங்கள் குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் தீங்கு வரலாம் என்கிற வாசகம். ஜூலை 31 முதல் இது கட்டாயம். நல்ல காரியம். ஆனால் ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைக்கு அந்த லேபிளால் என்ன பயன்?

"இதெல்லாம் பூர்வகுடிகள் பிரச்சினைம்மா, நமக்கெதுக்கு?" என்றார் ஒரு அக்கா. கோபம் வந்துவிட்டது. "இல்லக்கா, அவங்கதான் முதல்ல தைரியமா எண்ணிப் பார்த்தாங்க" என்றேன். வடக்கே ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்கிற ஊரில் ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் போன்ற பூர்வகுடிப் பெண்கள் 2007இல் போராடி மது விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பிறகு தங்கள் பிள்ளைகளைச் சோதிக்க ஆய்வாளர்களைத் தாங்களே அழைத்தார்கள். எண்ணியதால் அங்கே தெரிந்தது. நம் பேட்டைகளில் யார் எண்ணினார்கள்?

கர்ப்பம் என்று தெரியும் முன்பே குடித்திருந்த பெண்களும் உண்டு. தாயைக் குற்றவாளி ஆக்கினால் அவள் வாயே திறக்க மாட்டாள். அவள் சொல்லாவிட்டால் பிள்ளைக்குக் கண்டறிவதும் கஷ்டம்.

14 செப்டம்பர், வியாழன்

கடிதம் ஒரு பக்கத்துக்குள் வந்துவிட்டது. 2018 முதல் 2028 வரை எஃப்ஏஎஸ்டிக்கான தேசியத் திட்டம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பாதிக் காலம் போய்விட்டது. நாங்கள் கேட்பது மூன்று: பரிசோதனைக் குழுக்களுக்கு ஓரிரு வருட மானியமாக இல்லாமல் நிரந்தர ஒதுக்கீடு, பள்ளி ஊழியர்களுக்குப் பயிற்சி, வளர்ப்பவர்களுக்கு உதவி.

நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க செவ்வாய் மாலை 4 மணிக்கு 20 நிமிடம் தந்திருக்கிறார்கள். பள்ளி விட்டதும் நேரே போக வேண்டும். 36, 34 இரண்டையும் முதல் வரிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.