தஜிகிஸ்தானுக்கு நாங்க போட்ட பிளானும், அதுல வெட்டி எடுத்ததும்

மொதல்லயே ஒன்னு சொல்லிடறேன், தஜிகிஸ்தான் இ-விசா அப்ளிகேஷன்ல ஜிபிஏஓ பெர்மிட்னு ஒரு கட்டம் வரும், அதை டிக் பண்ணாம தயவுசெஞ்சு சப்மிட் பண்ணிடாதீங்க. கோர்னோ-படக்‌ஷான்ங்கிற மாகாணத்தோட சுருக்கம் அது. நாட்டோட நிலத்துல கிட்டத்தட்ட பாதி அதுதான், பாமிர் மலை, வாகான் பள்ளத்தாக்கு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. வெறும் விசாவ வச்சு தலைநகர் துஷான்பே, சுத்துவட்டாரம் எல்லாம் பாக்கலாம், ஆனா பாமிர் ரோட்டுல செக்போஸ்ட்டத் தாண்ட முடியாது. நாங்க சென்னைல ஒரு ஏஜென்ட் கிட்ட குடுத்திருந்தோம், அவரு விசாவ மட்டும் வாங்கிக் குடுத்துட்டாரு, பெர்மிட் எங்கன்னு கேட்டா அப்படி ஒன்னு இருக்கறதே அவருக்குத் தெரியல. டிக்கெட் போட்டாச்சு, லீவும் சொல்லியாச்சு, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

நான் ஸ்கூல்ல ஜியாகிரபி எடுக்குறேன். பாமிர் முடிச்சு, உலகத்தின் கூரைன்னு வருஷா வருஷம் போர்டுல எழுதி எழுதி, அந்த கூரைல ஒரு தடவையாவது நிக்கணும்னு மனசுக்குள்ள பல வருஷமா இருந்துச்சு. கூட வந்தது என் தம்பி. ரெண்டு பேருக்குமே இதுதான் முதல் வெளிநாடு.

ஆரம்பத்துல போட்ட பிளான் என்னன்னா உஸ்பெகிஸ்தான்ல இருக்கற சமர்கண்ட்ல இறங்கி, அங்கேர்ந்து பஞ்சகெண்ட் எல்லை தாண்டி துஷான்பே, அப்புறம் ஜிபிஏஓவோட தலைநகர் கோரோக், வாகான், முர்காப், கராகுல் ஏரி, கடைசியா கிர்கிஸ்தான்ல ஓஷ், அங்கேர்ந்து ஊருக்கு. மேப்ல பாத்தா ஒரே கோடு மாதிரி அழகா இருந்துச்சு. ஆனா உக்காந்து கணக்குப் போட்டா மூணு நாடு, மூணு விசா, மூணு கரன்சி, கைல இருந்ததோ 14 நாள். சமர்கண்டும் பஞ்சகெண்டும் 60 கிலோமீட்டர்தான், 2018ல அந்த எல்லைய திரும்பத் தெறந்ததுலேர்ந்து நெறைய பேர் அப்படித்தான் போறாங்க, ஆசையாதான் இருந்துச்சு, இருந்தாலும் மொதல்ல வெட்டுனது அதைத்தான். அடுத்தது ஓஷ். துபாய் வழியா துஷான்பே போய் அதே வழியா திரும்புறதுன்னு முடிவு பண்ணோம்.

லீவு இன்னொரு சிக்கல். எங்களுக்கு பெரிய லீவு மே மாசம், பாமிர்ல அப்ப கணவாய்ல எல்லாம் பனி கெடக்கும். அங்க போறதுக்கு ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான் சரியான காலம். அதனால காலாண்டு லீவோட சம்பளம் இல்லாத லீவு அஞ்சு நாள் சேத்து செப்டம்பர் கடைசில போறதுன்னு ஆச்சு. ஆப்பிள், வால்நட் எல்லாம் பறிக்கிற சமயம் அது, ராத்திரி குளிர் மட்டும் நல்லாவே இருந்துச்சு.

நான் ரொம்ப நேரம் செலவு பண்ணது உயரத்தப் பத்திதான், முதல் தடவை போறவங்க இதுல அவசரப்படவே கூடாது. நம்ம ஊட்டி 2,240 மீட்டர், கோரோக் அதைவிடக் கொஞ்சம் கம்மி, ஏறக்குறைய கொடைக்கானல் உயரம், அதனால அது வரைக்கும் பயம் இல்ல. ஆனா முர்காப் 3,600 மீட்டர், அதுக்கு மேல அக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர். டாக்டர் கிட்ட போய் ரூட்ட காமிச்சேன். 3,000 மீட்டர் தாண்டிட்டா ராத்திரி தூங்குற இடத்தோட உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் அப்படியே தங்கணும்னு சொன்னாரு. உயரத்துல வர்ற நோவுக்கு டயமாக்ஸ்னு ஒரு மாத்திரை எழுதப் போறப்ப சல்ஃபா அலர்ஜி இருக்கான்னு கேட்டாரு, தம்பிக்கு இருக்கு. அவ்ளோதான், முர்காப்பும் கராகுலும் அன்னிக்கே பேப்பர்லேர்ந்து போச்சு. இவன் கண்ணு கலங்கிட்டான், நீ மட்டும் போயிட்டு வாக்கான்னான், அதெல்லாம் முடியாது ரெண்டு பேரும் கோரோக், வாகான் மட்டும் நிதானமா பாத்துட்டு வரலாம்னு சொல்லிட்டேன். இன்சூரன்ஸ் எடுக்கறப்பவும் எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் கவர் ஆகும்னு படிச்சுப் பாருங்க, எல்லா பாலிசியும் ஒரே மாதிரி இல்ல.

அம்மாவ சம்மதிக்க வைக்கிறது தனி வேலை. வாகான் ரோடு முழுக்க பஞ்ச் நதி ஓரமாவே போகுது, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான். சில இடத்துல அந்தக் கரைல கழுதை ஓட்டிட்டுப் போற ஆளோட முகமே தெரியும், அவ்ளோ கிட்ட. இதை அம்மா கிட்ட மறைக்கல. 2022ல கோரோக் பக்கமும் ருஷான் பக்கமும் மோதல் நடந்து பல உயிர் போனதையும் சொன்னேன், பிரச்சனை வந்தா வெளிநாட்டுக்காரங்களுக்கு பெர்மிட்ட நிறுத்திடுவாங்கன்னும் சொன்னேன். கெளம்புறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் தெனமும் செய்தி பாத்தோம். அங்க போயும் அந்த விஷயத்தப் பத்தி யார்கிட்டயும் நாங்களா வாயத் தெறக்கல, அவங்க வீட்டுல நடந்த துக்கம் அது, நாம கெளறக் கூடாது.

பணம்: டாலரா எடுத்துட்டுப் போங்க, புது நோட்டா, மடிப்பு கிறுக்கல் எதுவும் இல்லாம. துஷான்பேல கொஞ்சம் மாத்தி சோமோனி வாங்கிட்டு, மிச்சத்த கோரோக்ல மாத்துனோம். வாகான் உள்ள கார்டெல்லாம் நெனைக்கவே வேணாம்.

பெர்மிட்ட துஷான்பேல ஓவிர்னு சொல்ற ஆபீஸ்ல நேர்ல போய் வாங்கலாம்னு ஒருத்தர் மூலமா தெரிஞ்சுது, அப்படித்தான் வாங்குனோம், அதுக்கு ஒரு முழு நாள் போச்சு. சமர்கண்ட வெட்டாம இருந்திருந்தா அந்த ஒரு நாளும் எங்க கிட்ட இருந்திருக்காது. காத்திருந்த நேரத்துல தொன்மைப் பொருள் மியூசியத்துக்குப் போனோம். அஜினா தெபேங்கிற பழைய பௌத்த மடத்துல தோண்டி எடுத்த படுத்திருக்கிற புத்தர் அங்க இருக்காரு, களிமண்ல செஞ்சது, சுமார் 13 மீட்டர் நீளம். தலைலேர்ந்து கால் வரைக்கும் நடந்து பாத்தேன், பாதத்துக்கிட்ட வந்ததும் அப்படியே நின்னுட்டேன், இஸ்லாம் வர்றதுக்கு முன்னாடி இந்த மண்ணுல என்னென்ன இருந்திருக்குன்னு கண்ணு முன்னாடி கெடக்குது.

மொழிக்கு நாங்க செஞ்ச ஒரே வேலை சிரிலிக் எழுத்து கத்துக்கிட்டதுதான், ஒரு வாரம் போதும். தாஜிக் மொழி பாரசீகம்தான், எழுதறது மட்டும் ரஷ்ய எழுத்துல. படிக்க ஆரம்பிச்சதும் ஆச்சரியம் என்னன்னா பாதி போர்டு நமக்கே புரியுது! மைதானத்துக்கு மைதோன், பஜாருக்கு போசோர், தயாருக்கு தயோர். டிரைவர் கிளம்பலாமான்னு கேட்டா தம்பி தயோர் தயோர்னு கத்துவான், அவரு சிரிச்சுக்கிட்டே நெஞ்சுல கைய வச்சு தலைய ஆட்டுவாரு. அங்க வணக்கம் சொல்ற விதமே அதுதான்.

துஷான்பேலேர்ந்து கோரோக் ஏறக்குறைய 600 கிலோமீட்டர், ரோடு வேலை வேற நடந்துட்டு இருந்துச்சு, ஒரே நாள்ல போறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. நடுவுல கலாய் கும்ப்ல ஒரு ராத்திரி தங்குனோம். செக்போஸ்ட்டுக்கு செக்போஸ்ட் பேப்பர் கேப்பாங்க, பாஸ்போர்ட், விசா, பெர்மிட் மூணையும் ஆளுக்கு பத்து காப்பி எடுத்து வச்சுக்கோங்க, குடுத்துட்டுப் போயிட்டே இருக்கலாம். கோரோக்ல பெக்டான்னு ஒரு சுற்றுலா சங்கம் இருக்கு, வாகானுக்கு ஜீப்பும் டிரைவரும் அவங்க மூலமா பிடிச்சோம். கிலோமீட்டர் கணக்குலதான் பேசுவாங்க, டிரைவரோட சாப்பாடு, தங்குறது அதுல சேருமா, காத்திருக்கிற நாளுக்கு எவ்ளோன்னு மொதல்லயே பேசிக்கோங்க.

எல்லாத்தையும் வெட்டுனதுக்கு அப்புறம் வாகான்ல எங்களுக்கு முழுசா நாலு ராத்திரி கெடச்சுது. யாம்சுன் கோட்டைக்குக் கீழ ஒரு வீட்டுல ரெண்டு ராத்திரி தங்குனோம். வெளிலேர்ந்து பாத்தா சாதாரண மண் வீடு. உள்ள போனா நடுவுல பள்ளமா தரை, சுத்தி திண்ணை மாதிரி மேடை, அதுலதான் உக்கார்றது, சாப்பிடுறது, தூங்குறது எல்லாம். அஞ்சு தூணு, ஒவ்வொன்னுக்கும் ஒரு பேரு: முகமது, அலி, பாத்திமா, ஹசன், ஹுசைன். இவங்க ஷியா பிரிவச் சேர்ந்த இஸ்மாயிலி முஸ்லிம்கள், துஷான்பேல பாத்த சன்னி பழக்கவழக்கம் வேற, இது வேற. கூரைல ஒன்னுக்குள்ள ஒன்னா நாலு சதுரம் வச்சு வெளிச்சம் வர்ற ஜன்னல். மண்ணு, தண்ணி, காத்து, நெருப்புன்னு அந்த வீட்டுப் பொண்ணு கைய மேல காட்டி ஒவ்வொன்னா சொன்னா. நம்ம பஞ்சபூதத்துல ஆகாயம் மட்டும் காணோமேன்னு நெனச்சுக்கிட்டே மேல பாத்தேன், நாலாவது சதுரத்துக்கு அந்தப் பக்கம் ஆகாயமேதான் இருந்துச்சு.

காலைல பாட்டி ஷிர் சாய் குடுத்தாங்க. பால் டீ, அதுல சக்கரைக்குப் பதிலா உப்பு, மேல வெண்ணெய் மெதக்கும், ரொட்டியப் பிச்சு உள்ள போட்டு கிண்ணத்தோட குடிக்கணும். முதல் வாய்க்கு தம்பி மொகம் ஒரு மாதிரி ஆச்சு, மூணாவது நாள் அவனே ரெண்டாவது கிண்ணம் கேட்டான். நான் ரொட்டிய தெரியாம கவுத்து வச்சுட்டேன், பாட்டி ஒன்னும் சொல்லாம எடுத்து நிமித்தி வச்சாங்க. அங்க ரொட்டிய கவுத்து வைக்கிறது மரியாதை இல்லையாம். கறி சாப்பிடாதவங்களா இருந்தா துஷான்பேல குருதோப் கேட்டு வாங்கிக்கோங்க, பிச்சுப் போட்ட ரொட்டி மேல காஞ்ச தயிர் கரைச்சு ஊத்தி, வெங்காயம், தக்காளி போட்டு மரத் தட்டுல வரும், எல்லாரும் ஒரே தட்டுல கையால சாப்பிடறது.

ரெண்டாவது நாள் எங்கயும் போகல. பெண்கள் முறை வர்றப்ப மேல பீபி பாத்திமா வெந்நீர் ஊத்துக்குப் போய் குளிச்சுட்டு வந்தேன், மத்தியானம் தம்பியும் அந்த வீட்டுப் பையனும் மரத்த உலுக்க நானும் பாட்டியும் வால்நட் பொறுக்குனோம். பச்சைத் தோல உரிச்சு உரிச்சு வெரல் எல்லாம் கறுப்பாயிடுச்சு. ஊருக்கு வந்து ஸ்கூல்ல பாமிர் முடிச்சுன்னு போர்டுல எழுதறப்பவும் நகத்துல அந்தக் கறை இருந்துச்சு, முதல் பெஞ்சு பொண்ணு கைல என்ன மிஸ்னு கேட்டா, அந்த பீரியட் முழுக்க இதையேதான் சொல்லிட்டு இருந்தேன்.