பார்த்துச் சொல்

"பார்த்துச் சொல்" என்றுதான் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எட்டு வருடங்களாக எனக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏழு மணிச் செய்திக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, எங்கள் நிலையத்தில் செய்தி வாசிக்கும் தம்பி தாளை நீட்டி, "அண்ணே, இரட்டைமடி வலையைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்ளவா?" என்று கேட்டான். நான் விளம்பரக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. எச்சரித்தேனா, அனுமதித்தேனா, ஆள் நகர்ந்தால் போதும் என்று சொல்லிவைத்தேனா?

"இரட்டைமடி போட்டுக் குஞ்சு மீன் வரை வழித்துக்கொண்டு போகிறவர்களை இலங்கைக்காரன் பிடித்தால் நாம் ஏன் அழ வேண்டும்?" என்று நேரலையில் கேட்டுவிட்டான். அன்று மாலைதான் தங்கச்சிமடத்து விசைப்படகு ஒன்று பிடிபட்டிருந்தது. எட்டு மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பிடிபட்டவர்கள் கூலிக்குப் போனவர்கள், மடி அவர்களுடையதல்ல.

அவன் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி தடை செய்யப்பட்ட வலை. நாட்டுப்படகுக்காரரான அவன் அப்பாவின் நண்டு வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போனது அந்த ஆண்டில் மட்டும் மூன்று தடவை. வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலையே பங்கு போட்டுக்கொண்ட ஊர் இது. மற்றொரு நாளில் அதையே சொல்லியிருந்தால் பாதி ஊர் கை தட்டியிருக்கும். அன்று சொல்லியிருக்கக் கூடாது.

இயக்குநர் சார் பயிற்சி வகுப்பில் பிபிசி கதையை அடிக்கடி சொல்வார். 2003 மே 29 காலை 6.07 மணிக்கு, ஈராக் ஆயுத விவகாரத்தில் அதன் செய்தியாளர் ஆண்ட்ரூ கில்லிகன் எழுதிவைத்துக்கொள்ளாமல் நேரலையில் சொன்ன சில வாக்கியங்கள். மறு ஆண்டு ஜனவரியில், பிபிசியைக் குறை சொன்ன ஹட்டன் விசாரணை அறிக்கை வந்த அன்றே பிபிசி தலைவர் கேவின் டேவிஸ் விலகினார். மறுநாள் தலைமை இயக்குநர் கிரெக் டைக், அதற்கு மறுநாள் கில்லிகன். கதையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரவு பத்து மணிக்கு சார் என்னைக் கூப்பிட்டார். "உன்னிடம் கேட்டானா?"

"கேட்டான், சார். பார்த்துச் சொல் என்றேன்."

"சரியாகத்தானே சொல்லியிருக்கிறாய்."

அது கேள்வியா, தீர்ப்பா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மைக்கைக் கொடுத்தவன் நான்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். செய்திப் பிரிவுத் தலைவியும் கூடவே விலகினார். டைக்குக்காக பிபிசி ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள் என்பதும் சார் சொன்ன கதைதான். எங்களில் ஒருவரும் இறங்கவில்லை. வாசலில் அந்தப் பெண்கள் இருக்கும்போது எப்படி இறங்குவது என்று அப்போது நியாயம் பேசினேன். இப்போதும் அது நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் ஒன்றை சாரிடம் சொல்லவில்லை. படகு பிடிபட்ட செய்தி ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே என் கைப்பேசிக்கு வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் சட்டையில் மைக்கைச் செருகிக்கொண்டிருந்தான். ஒரு துண்டுச் சீட்டு போதும். கூட்டல் பாதியில் நின்றது. முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அவன் தாளில் என்ன எழுதியிருந்தான் என்று நான்தான் படிக்கவே இல்லையே! படித்திருந்தால் ஓடியிருப்பேன். இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சார் இருந்த நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். அவன் அப்பாவோடு கடலுக்குப் போகிறான். போன மாதம் பாம்பன் கரையில் பார்த்தேன். "சார் சுகமா, அண்ணே?" என்றான். ஒரு கிலோ நண்டை எடுத்துப் பையில் போட்டான். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.